ஒன்றாம் வகுப்பு: பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், எழுத்தைத் தனியாகக் காட்டினால் முழிக்கிறான். டியூஷன் போடலாமா?

கொலுசுமணி (கொண்டலாம்பட்டி)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பையன் இந்த ஜூனில்தான் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தான். வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. எல்கேஜி, யூகேஜி எல்லாம் போகவில்லை, அங்கன்வாடியோடு சரி. காலாண்டு லீவு வரப்போகிறது, அதற்குள் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது. தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் விரலை வைத்துக்கொண்டு கடகடவென்று படித்துவிடுவான், கேட்கிறவர்களுக்குப் பெருமையாக இருக்கும். ஆனால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு நடுவில் இருக்கிற ஒரு வார்த்தையை மட்டும் காட்டினால் முழிக்கிறான். விரல் ஒரு வரியில் நிற்கிறது, வாய் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. மொத்தமும் மனப்பாடம்.

நாத்தனார் மகனும் ஒன்றாம் வகுப்புதான், தனியார் பள்ளி. அவன் நோட்டைத் திறந்தால் பக்கம் பக்கமாக எழுத்து. மாமியார் அதைச் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. எங்கள் டீச்சரைக் கேட்டால் "வந்துரும்மா, கொஞ்சம் பொறுங்க" என்கிறார். தெருவில் ஒருவர் டியூஷன் எடுக்கிறார், மாதம் ரூ.500. வீட்டுக்காரருக்குக் கொலுசுப் பட்டறையில் வேலை. கொடுக்க முடியாது என்றில்லை, ஆனால் காலையிலிருந்து பள்ளியில் உட்கார்ந்துவிட்டு வருகிற பையனை சாயந்திரமும் உட்கார வைக்க மனசு வரவில்லை. போடலாமா, வேண்டாமா?

ஐந்துரோடு_அப்பா

போடுங்க. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் மகள் யூகேஜி முடிக்கும்போதே மூன்றெழுத்து இங்கிலீஷ் வார்த்தைகளை ஃபோனிக்ஸ் முறையில், எழுத்தின் ஒலியைக் கூட்டிப் படித்தாள், இப்போது ஒன்றாவதில் பாராவே படிக்கிறாள். ஒன்றாவதில் பிடிக்கவில்லை என்றால் மூன்றாவதில் அழ வேண்டியதுதான். "வந்துரும்" என்று சொல்லிச் சொல்லித்தான் ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கும் வாசிக்க வராமல் போகிறது.

செவ்வாய்ப்பேட்டை_சரவெடி

நான் ஒன்றாவதில் மனப்பாடம், பத்தாவதில் மனப்பாடம், காலேஜிலும் மனப்பாடம். பையன் நம் கட்சி, விடுங்க.

கரும்பலகை

கொலுசுமணி, நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிற டீச்சர், சேலம் பக்கம்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பையன் செய்வது தப்பு இல்லை, வாசிப்புக்கு முந்தின படி அது. புத்தகத்தை நேராகப் பிடிக்கிறான், இடமிருந்து வலமாக விரலை ஓட்டுகிறான், இந்தப் பக்கத்தில் இதுதான் எழுதியிருக்கிறது என்று ஞாபகம் வைத்திருக்கிறான். வீட்டில் புத்தகமே பார்க்காமல் வருகிற பிள்ளைகளுக்கு இது பழகவே ஜூன், ஜூலை ஓடிவிடும். புத்தகத்தைத் தலைகீழாக வைத்துக்கொண்டு ரொம்ப அக்கறையாகப் "படிக்கிற" பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அந்தப் படியிலேயே நின்றுவிட்டால்தான் சிக்கல். அதனால் நீங்கள் படத்தை மறைத்துப் பார்த்தீர்களே, அது சரியான சோதனை. நிறைய பேர் அதைச் செய்வதில்லை, பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அடுத்து இதைச் செய்து பாருங்கள். புத்தகத்தில் இல்லாத வார்த்தையாக எழுதிக் காட்டுங்கள். ட, ப, ம தெரியும் என்றால் "படம்" படித்துவிடுவான், அது பார்த்த வார்த்தை. "மடம்" என்று எழுதுங்கள். அப்புறம் "மட்டம்". த தெரிந்தால் "தடம்". அர்த்தம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு ஒலியைச் சேர்க்கிறானா என்று மட்டும் கவனியுங்கள். திக்கித் திணறிச் சேர்த்தாலும் சரி, அவன் படிக்கத் தொடங்கிவிட்டான், வேகம் தானாக வரும். சேர்க்கவில்லை என்றால் எந்த எழுத்தில் நிற்கிறான் என்று குறித்துக்கொண்டு டீச்சரிடம் சொல்லுங்கள். "பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது. "புள்ளி வைத்த எழுத்தில் நிற்கிறான்" என்று சொன்னால் அடுத்த நாளே அதை எடுத்துக்கொள்வோம்.

247 எழுத்து என்று மிரட்டுவார்கள். உண்மையில் பிள்ளை பிடிக்க வேண்டியது 12 உயிர், 18 மெய், ஆய்தம், அதோடு கால், சுழி, கொம்பு மாதிரித் துணைக்குறிகள். ஆ வரிசைக்குக் கால் போட்டால் முடிந்தது, சுலபம். கஷ்டம் இரண்டு இடத்தில். முதலாவது கொம்பு. "கெ" என்பதில் கண்ணுக்குக் கொம்பு முதலில் படுகிறது, வாய்க்கு அந்த ஒலி பின்னால் வருகிறது. "கொ" என்றால் எழுத்துக்கு முன்னாலும் ஒன்று, பின்னாலும் ஒன்று. இப்போதுதான் இடமிருந்து வலம் என்று சொல்லிக் கொடுத்தோம், உடனே அதை மாற்றிப் படி என்கிறோம், பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? இரண்டாவது உகர வரிசை. கு ஒரு மாதிரி வளையும், சு கீழே ஒரு கோடு இறங்கும், து சுழன்று மேலே போகும். ஒரே விதி கிடையாது, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகுவதுதான் வழி. இதெல்லாம் மூன்றாம் பருவத்திலும் இரண்டாம் வகுப்பிலும்தான் நிதானமாக ஏறும். செப்டம்பரில் ஒரு பிள்ளை "கொக்கு" படிக்கவில்லை என்று யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். "படம்", "மரம்" அளவுக்காவது எழுத்துக் கூட்டுகிறானா என்பதுதான் இப்போது பார்க்க வேண்டியது.

டியூஷன் பற்றி: அங்கே போனாலும் இதே பாடத்தைத்தான் இன்னும் சத்தமாக ஒப்பிக்க வைப்பார்கள். அவனுக்கு ஒப்பிப்பது ஏற்கனவே வருகிறது.

நாகலூர்_மிளகு

கரும்பலகை டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் ஏற்காட்டில் மலைக்கிராமத்துப் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறேன், ஈராசிரியர் பள்ளி. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துவிட்டுக் கேரளா என்று நினைத்துக்கொள்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ்தான், சேர்வராயன் மலையின் தமிழ்.

அட்டையில் "இ"க்கு இலை படம் காட்டுவோம். பிள்ளை "எல" என்று சொல்லும். கீழே சேலத்திலும் வீட்டில் அப்படித்தானே சொல்கிறோம். அதன் காதில் விழுகிற முதல் ஒலி எ, ஆனால் எழுத்து இ. "உரல்" படத்தைக் காட்டினால் "ஒரல்" என்கிறது. பிள்ளை சொன்னது சரி, படம்தான் தப்பான படம். இதைத் தப்பு என்று அடித்துத் திருத்தினால் அம்மா பேசுகிற பேச்சே தப்பு என்று ஆகிவிடும், அப்புறம் அது வாயைத் திறக்காது. நான் "இ"க்கு இஞ்சி, இட்லி எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் வீட்டிலும் அப்படியே சொல்கிறோம், புத்தகத்திலும் அப்படியே எழுதுகிறோம். "உ"க்கு உப்பு. ஒலி கையில் வந்த பிறகு "நாம எலன்னு சொல்றோம், புத்தகத்துல இலைன்னு எழுதுவாங்க" என்று சொன்னால் பிள்ளைகள் ரொம்பச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். கொலுசுமணி, உங்கள் பையன் எந்த எழுத்தில் நிற்கிறான் என்று பார்க்கும்போது இதையும் பாருங்கள்.

ஐந்துரோடு_அப்பா

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஈராசிரியர் பள்ளி என்றால் இரண்டு பேர் ஐந்து வகுப்பு எடுக்கிறீர்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைத் தனியாகக் கவனிக்க நேரம் எங்கே இருக்கிறது? இஞ்சி, இட்லி என்று கதை சொல்லலாம், முடிவு என்ன? ஒன்றாம் வகுப்பு முடிக்கிற பிள்ளை நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று காட்டுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன்.

நாகலூர்_மிளகு

நியாயமான கேள்வி சார். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். மலையில் ஐந்து வகுப்பும் சேர்ந்தே அவ்வளவு வராது, அதனால் இரண்டு பேர்தான். 2022இல் அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்டம் வந்த பிறகு 1, 2, 3 மூன்று வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து ஒருவர் எடுக்கிறோம், 4, 5 இன்னொருவர். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். மூன்றாவது படித்தாலும் எழுத்து தெரியாவிட்டால் அவன் அரும்பில்தான் உட்காருவான். பெயர் நன்றாக வைத்ததில் ஒரு லாபம், பிள்ளைகளுக்கு அது அவமானமாகத் தெரிவதில்லை.

இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. மூன்றாவது பிள்ளைக்குச் சொல்கிற கதைக்கு ஒன்றாவது பிள்ளை பதில் சொல்லும். பெரிய அக்கா அட்டை அடுக்குவதைப் பார்த்தே சின்னது பாதி கற்றுக்கொள்ளும், நான் சொல்லிக் கொடுத்தால் ஏறாதது அவள் சொன்னால் ஏறிவிடும். கெட்டது என்னவென்றால், கூட இருக்கிறவர் பயிற்சிக்கோ லீவிலோ போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அன்றைக்கு ஒன்றாம் வகுப்புக்குக் கிரையான்தான். வருகை, மதிப்பீடு எல்லாம் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும், மலையில் சிக்னல் கிடைக்கிற பாறை எது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் வகுப்பிலிருந்து போகிற நேரம்தான், மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் எங்களுக்குப் பெரிய பிரச்சினை அதுவல்ல, வருகை. நவம்பர் முதல் காப்பி பழம் பறிக்கிற காலம், பிறகு மிளகு. அப்பா அம்மா விடிந்ததும் தோட்டத்துக்குப் போனால் கைக்குழந்தையைப் பார்க்க நான்காவது படிக்கிற அக்கா வீட்டில் நிற்பாள். அக்கா வரவில்லை என்றால் ஒன்றாவது படிக்கிற தம்பியும் வரமாட்டான், அந்தக் காட்டுப் பாதையில் தனியாக எப்படி வருவான்? இரண்டு வாரம் கழித்து வரும்போது ட, ப, ம வரைக்கும் அழிந்திருக்கும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்த பிறகு இது கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஏனென்றால் அம்மா அதிகாலையில் அடுப்பு மூட்டாமலே பிள்ளையை அனுப்ப முடிகிறது. உப்புமா நாளைவிடப் பொங்கல் நாளில் கூட்டம் அதிகம் என்பது வேறு விஷயம்.

நோட்டு கேட்டீர்கள். இரட்டைக் கோடு நோட்டில் அதிகம் இருக்காது, தரையிலும் தாழ்வான கரும்பலகையிலும் எழுதியது அழிந்துபோயிருக்கும். பிள்ளையை அழைத்து வந்து புதுச் சொல் ஒன்றை எழுதிக் கேளுங்கள், அதுதான் நான் காட்டக்கூடிய நோட்டு.

கரும்பலகை

நோட்டு என்றதும் எனக்குக் கை பரபரக்கிறது. ஐந்துரோடு சார், 5 வயதில் மணிக்கட்டு எலும்புகளே முழுதாக உருவாகியிருக்காது. பக்கம் முழுக்க "அ" எழுதச் சொல்லிப் பாருங்கள். முதல் வரியில் அ நன்றாக இருக்கும், மூன்றாவது வரியில் கொஞ்சம் சாயும், பக்கத்தின் அடியில் கால் முளைத்த பூச்சி மாதிரி ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கும். ஏன் தெரியுமா, பிள்ளை டீச்சர் எழுதியதைப் பார்த்து எழுதுவதில்லை, தான் மேலே எழுதியதைப் பார்த்துக் கீழே எழுதுகிறது. பிழையும் சேர்ந்து பிரதி ஆகிறது. அந்தப் பக்கத்துக்கு நாங்கள் ஒரு "குட்" போட்டுக் கையெழுத்துப் போட்டால் பெற்றோருக்குத் திருப்தி. இரண்டு வரி எழுதட்டும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதட்டும், போதும்.

1, 2ஆம் வகுப்புக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் உத்தரவு போட்டது. அதே வருடம் மத்திய அரசும் சுற்றறிக்கை அனுப்பியது, பையின் எடை 1.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்றும் அதில் இருந்தது. நாத்தனார் மகனின் பையை ஒரு நாள் தூக்கிப் பாருங்கள் கொலுசுமணி, மாமியாரையும் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_சரவெடி

மாமியாரைத் தூக்கச் சொன்னால் அந்த வீட்டில் அப்புறம் டியூஷன் பிரச்சினை இருக்காது, வேறு பிரச்சினைதான் இருக்கும்.

சௌராஷ்டிர_பேத்தி

அக்கா, நான் அம்மாபேட்டை. கல்லூரி முடித்த பிறகு அரசின் "இல்லம் தேடிக் கல்வி" திட்டத்தில் தன்னார்வலராக இருந்தேன், மாதம் 1000 ரூபாய் கொடுப்பார்கள், சாயந்திரம் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே பிள்ளைகள் வருவார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லாரும் உண்டு. இப்போது வேலைக்கு வந்த வட மாநிலத்துக் குடும்பங்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். தெருவில் விளையாடிப் பழகிய பிள்ளைக்குத் தமிழ் சரளமாக இருக்கும். ஆனால் வீட்டுக்குள்ளேயே, தறிச் சத்தத்துக்கு நடுவில் பாட்டியோடு வளர்ந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தால் பேசவே பேசாது. ஒரு பெண் குழந்தையை "மந்தம்" என்று எழுதிவிட்டார்கள். அவளுக்கு "வரிசையா நில்லு", "மூடி வை" இதெல்லாமே புரியவில்லை, மற்ற பிள்ளைகள் செய்வதைப் பார்த்து ஒரு நொடி கழித்துச் செய்வாள். அந்த ஒரு நொடியைத்தான் மந்தம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு நாள் சௌராஷ்டிரத்தில் பெயரைக் கேட்டதும் நிறுத்தாமல் பேசினாள், அவள் வீட்டுப் பூனையின் சரித்திரம் முழுக்கச் சொன்னாள்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் பேச்சுதான் வேண்டும். பாட்டு, ஆட்டம், "எடு, வை, ஓடு" என்று செய்துகொண்டே சொல்வது. பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்தால் டீச்சருக்குப் பாதி வேலை மிச்சம். கொலுசுமணி அக்கா, உங்கள் வீட்டில் தமிழ்தானே?

கொலுசுமணி (கொண்டலாம்பட்டி)

தமிழ்தான்மா. அவர் வீட்டுப் பக்கம் தெலுங்கும் உண்டு, மாமியார் பேரனிடம் கோபம் வந்தால் தெலுங்குதான்.

டீச்சர் சொன்ன மாதிரி செய்து பார்த்தேன். "மடம்" படித்துவிட்டான்! ம, ட, ம் என்று தனித்தனியாகச் சொல்லி, கொஞ்ச நேரம் மேலே பார்த்துவிட்டு "மடம்" என்றான். "மட்டம்" வரவில்லை, "மடம்" என்றே சொன்னான், ட மேலே இருக்கிற புள்ளி அவன் கண்ணில் படவே இல்லை. அப்புறம் "ண"வையும் "ன"வையும் ஒரே எழுத்து என்கிறான். பனியன் விளம்பரப் பலகையைப் படிக்கச் சொன்னால் "கடை" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். வாசலில் தொங்குகிற பலகை எல்லாம் அவனுக்குக் கடைதான் போலிருக்கிறது.

அப்புறம் ஒரு சந்தேகம். அவன் இடது கையில் எழுதுகிறான், மாமியார் தட்டிவிட்டு வலது கையில் பென்சிலைக் கொடுக்கிறார். சோறு வலது கையில்தான் சாப்பிடுகிறான்.

கரும்பலகை

பார்த்தீர்களா, ஒரே சாயந்திரத்தில் எவ்வளவு தெரிந்துகொண்டீர்கள். அவன் சேர்க்கிறான், அதனால் பயமே இல்லை. புள்ளியைத் தவறவிடுவது இந்த வயதில் ரொம்பச் சாதாரணம். படம், பட்டம், மடம், மட்டம் என்று ஜோடி ஜோடியாக எழுதி, புள்ளியை மட்டும் சிவப்புக் கிரையானில் வைத்துக் காட்டுங்கள், பள்ளியில் கொடுத்த கிரையானே போதும். புள்ளி வந்தால் அந்த இடத்தில் கை தட்ட வேண்டும் என்று ஒரு ஆட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். ண, ன இப்போதைக்கு விடுங்கள். ல, ள, ழ கூடத்தான். நம் ஊரில் பாதிப் பெரியவர்களே "பளம்" என்கிறோம், 5 வயதுப் பிள்ளை "பளம்" என்று எழுதினால் காதில் விழுந்ததைச் சரியாக எழுதியிருக்கிறது என்று அர்த்தம். நான் அதற்கு முழு மதிப்பெண் கொடுப்பேன்.

இடது கை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன், மாற்றாதீர்கள். சோறு வலது கையில் சாப்பிடுவது பழக்கத்தால் வருவது, அதை வைத்து முடிவு செய்ய முடியாது. கையை மாற்றினால் எழுத்தை யோசிக்க வேண்டிய பிள்ளை கையை யோசிக்கும். நோட்டைக் கொஞ்சம் வலது பக்கம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், தான் எழுதுவது தன் கைக்கு மறையாமல் தெரியும். வகுப்பில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லி டீச்சரிடம் கேளுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

குகை_தாத்தா

எனக்கும் ஒரு வார்த்தை. நாங்கள் படித்தபோது மணலைக் கொட்டி விரலைப் பிடித்து எழுத வைப்பார் வாத்தியார், விரல் நுனி எரியும். பழைய காலம் பொற்காலம் என்று சொல்லமாட்டேன், பிரம்புக்குப் பயந்து புளியந்தோப்பில் ஒளிந்துகொண்ட பிள்ளைகள் எத்தனை பேர், அதில் பாதிப் பேர் திரும்பப் பள்ளிப் பக்கமே வரவில்லை. இன்றைக்குச் சட்டமே அடிக்கக் கூடாது என்கிறது, நல்லது.

நான் சொல்ல வந்தது வேறு. பேரனுக்கு நான் எழுதிக் கொடுத்த "யானை"யை அவனால் படிக்க முடியவில்லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது, ணை, லை, ளை, னை எல்லாம் அதற்கு முன்னால் மேலே தும்பிக்கை வைத்து எழுதுவோம், எனக்குக் கை இன்னும் அப்படித்தான் போகிறது. ணா, றா, னாவும் அப்படியே. மருமகள் "மாமா, நீங்க எழுதிக் கொடுக்காதீங்க, படிச்சு மட்டும் காட்டுங்க" என்று சொல்லிவிட்டாள். வீட்டில் என் வயது ஆட்கள் எழுதிக் கொடுத்தால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா.

ஐந்துரோடு_அப்பா

தாத்தா சொன்னது சுவாரசியம். ஆனால் நான் இன்னும் என் பக்கம்தான் நிற்கிறேன். எழுத்தாவது பரவாயில்லை, கணக்கு? என் மகள் 1 முதல் 100 வரை இங்கிலீஷில் நிற்காமல் சொல்வாள். அரசுப் பள்ளியில் ஒன்றாவது முழுக்க 20 வரைக்கும் புளியங்கொட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாகலூர்_மிளகு

சார், அதுவும் மேலே சொன்ன மனப்பாடம்தான், எண்ணில் வருகிற மனப்பாடம். மகளிடம் ஒரு கை நிறையப் புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் வாயில் பத்து சொல்லும்போது விரல் ஏழாவது கொட்டையில் இருக்கும். சரியாக எண்ணி முடித்தால் அதே கொட்டைகளைக் கொஞ்சம் பரப்பி வைத்து, "இப்ப எத்தனை?" என்று கேளுங்கள். முதலிலிருந்து எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை மாறாது என்பது இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். அது பிடிபடாமல் 100 வரை சொல்வது பாட்டுதான். பாட்டும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

20 வரைக்கும் ஏன் உட்கார்ந்திருக்கிறோம் என்றால், 13 என்பது ஒரு கட்டு பத்தும் மூன்று உதிரியும் என்று கையால் தொட்டுத் தெரிய வேண்டும். ஐஸ் குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுகிறோம். தமிழில் இது கொஞ்சம் வசதி, பதின்மூன்று என்னும் சொல்லிலேயே பத்தும் மூன்றும் காதில் விழுகின்றன. ஆனால் எண்பத்தொன்பதைத் தாண்டும்போது தொண்ணூறு வராமல் நேராக நூறுக்குத் தாவுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் இருக்கும்.

எங்கள் ஊரில் காப்பி பழம் கணக்குக்கு ரொம்ப உதவி. ஒரு பழத்தைப் பிதுக்கினால் இரண்டு கொட்டை. மூன்று பழம் என்றால் எத்தனை கொட்டை என்று கேட்டால், இரண்டிரண்டாக எண்ணுவது வாய்ப்பாடு இல்லாமலே வந்துவிடுகிறது. நடுவில் ஒரு பழத்தில் ஒற்றைக் கொட்டை உருண்டையாக வரும் பாருங்கள், அப்போது வகுப்பே கத்தும், "சார், கணக்கு தப்பு!" என்று. அன்றைக்கு ஒற்றை எண், இரட்டை எண் பாடம் தானாக நடந்துவிடும்.

அஸ்தம்பட்டி_புதுசு

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். மகளுக்கு வருகிற ஜூனில் 5 முடிகிறது. ஒன்றாவது சேர்க்கலாம் என்கிறார்கள், கேந்திரிய வித்யாலயாவில் 6 என்கிறார்கள். எது சரி?

கரும்பலகை

இரண்டும் சரி. நம் மாநிலப் பள்ளிகளில் 5 முடிந்திருந்தால் சேர்ப்போம். கேந்திரிய வித்யாலயாவில் 2022-23 கல்வி ஆண்டிலிருந்து 6. என் சொந்த அபிப்ராயம், சட்டப்படி சேர்க்கலாம் என்பதால் சேர்த்தே ஆக வேண்டும் என்றில்லை. வகுப்பில் 5 முடித்து இரண்டு வாரமான பிள்ளையும் 6ஐத் தொடப்போகிற பிள்ளையும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். அந்த வயதில் ஒரு வருடம் என்பது பெரிய இடைவெளி. ஜூன், ஜூலைப் பிள்ளைகளைத்தான் பெற்றோர் "ஸ்லோ" என்று கூட்டி வருகிறார்கள், பிள்ளையின் பிறந்த தேதியைப் பார்த்தால் எனக்குப் பாதி விடை கிடைத்துவிடும். கொலுசுமணி, உங்கள் பையன் எந்த மாதம்?

கொலுசுமணி (கொண்டலாம்பட்டி)

ஜூலை டீச்சர்! ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சாட்டின சமயத்தில் பிறந்தான். நாத்தனார் மகன் அவனைவிட ஒன்பது மாதம் பெரியவன். இதை யாரும் யோசிக்கவே இல்லை.

டியூஷன் வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு யோசனை சொன்னார், சாயந்திரம் பையனைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போகிறேன், பலகை படிக்கட்டும் என்கிறார். தட்டுவடை செட் தின்னக் கடைக்குத்தான் போவார்கள் என்று எனக்குத் தெரியும்.

சௌராஷ்டிர_பேத்தி

அக்கா, அது நல்ல பலகைதான். "தட்டுவடை செட்" எழுதிப் பாருங்கள். ட் இருக்கிறது, டு இருக்கிறது, டை இருக்கிறது, கடைசியில் மறுபடியும் ட். ட எத்தனை வேஷம் போடுகிறது என்று அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். செ-வும் இருக்கிறது, கொம்புக்குப் பிள்ளையார் சுழி போட்ட மாதிரி ஆச்சு.

ஐந்துரோடு_அப்பா

மகளிடம் புளியங்கொட்டை கொடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் எண்ணினாள், பரப்பி வைத்தபோதும் சட்டென்று சொன்னாள். ஆகவே மிளகு சார், எல்லா யூகேஜி பிள்ளையும் கிளிப்பிள்ளை இல்லை. ஆனால் "மட்டம்" படிக்கச் சொன்னால் அவளும் புள்ளியை விட்டுவிட்டுத்தான் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் இரண்டாம் மொழி, பள்ளியில் வாரத்தில் சில பீரியடு மட்டும். கிரையான் புள்ளி ஆட்டத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன்.

நாகலூர்_மிளகு

நன்றாக எண்ணினாள் என்றால் சந்தோஷம் சார், அவளுக்குக் கழித்தலைத் தொடங்குங்கள், ஆனால் வாயால் அல்ல, கொட்டையை எடுத்துக் கையில் ஒளித்து வைத்து "எத்தனை ஒளிச்சேன்?" என்று.

கொலுசுமணி (கொண்டலாம்பட்டி)

கடைசியாக ஒன்று டீச்சர். புத்தகத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறான். சின்னப் பிள்ளைகள் அப்படித்தானா?

கரும்பலகை

சில பிள்ளைகளுக்குப் பழக்கம்தான், ஆனால் அதை நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. பள்ளிக்கு வருடத்தில் ஒரு முறை மருத்துவக் குழு வந்து பார்க்கும், அது வருகிற வரை காத்திருக்காமல் காலாண்டு லீவிலேயே அரசு மருத்துவமனையில் கண் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதும்போது பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறானா என்று உங்கள் டீச்சரிடமும் கேளுங்கள். அதுவரை முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், இடது ஓரத்தில்.

கொலுசுமணி (கொண்டலாம்பட்டி)

சரிங்க டீச்சர். திங்கட்கிழமை பள்ளியில் விடும்போது இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சிலேட்டும் பல்பமும் வாங்கலாம் என்று இருக்கிறேன், கல் சிலேட்டு இப்போது எங்கே கிடைக்கும்?

செவ்வாய்ப்பேட்டை_சரவெடி

சின்னக்கடை வீதிப் பக்கம் கேட்டுப் பாருங்க அக்கா. பல்பம் வாங்கினால் மறைத்து வையுங்கள், நான் எழுதியதைவிடத் தின்றதுதான் அதிகம்.